இச்சையடக்கம்: விசுவாசிகள் அதிகமாகச் சறுக்கும் இடங்கள்

செசரியாவில் ரோம ஆளுநன் பேலிக்ஸின் முன் பவுல் கைதியாக நின்றபோது, பேலிக்ஸுடன் துருசில்லாளும் உட்கார்ந்திருந்தாள். அவள் ஏரோது குடும்பத்துப் பெண். எமேசா நாட்டு அரசனுக்கு மனைவியாக இருந்தவளை ஆள் அனுப்பி, ஆசை காட்டி, தன் பக்கம் இழுத்துக்கொண்டவன் பேலிக்ஸ் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதி வைத்திருக்கிறார். பவுலிடமிருந்து பணம் வரும் என்று அவன் காத்திருந்ததை அப்போஸ்தலர் 24-ஆம் அதிகாரமே சொல்கிறது. அப்படிப்பட்ட மனிதனிடம் பவுல் எடுத்துப் பேசியவை மூன்று: நீதி, இச்சையடக்கம், இனிவரும் நியாயத்தீர்ப்பு. பேலிக்ஸ் பயந்துபோனான். "இப்பொழுது நீ போகலாம், எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்று அனுப்பிவிட்டான். 2 வருஷம் ஓடியது. பதவியை விட்டுப் போகும்போதும் பவுலைக் கட்டிலேயே வைத்துவிட்டுப் போனான்.

இந்தச் சம்பவத்தை வாசிக்கும்போது ஒன்று கவனத்துக்கு வருகிறது. பேலிக்ஸ் தன் ஆசைகளை அடக்காததற்கு விலை கொடுத்தவர்கள் மற்றவர்கள். மனைவியை இழந்த ஒரு கணவன், விடுதலை கிடைக்காத ஒரு கைதி. இச்சையடக்கத்தை நாம் பெரும்பாலும் ஒருவருடைய தனிப்பட்ட பரிசுத்தம் சம்பந்தப்பட்ட காரியமாகவே பார்க்கிறோம். வேதம் அதை அடுத்தவர் பக்கத்திலிருந்தும் பார்க்கிறது. கலாத்தியர் 5-இல் ஆவியின் கனி அன்பில் தொடங்கி இச்சையடக்கத்தில் முடிகிறது. 2 பேதுரு 1-இல் விசுவாசத்தில் தொடங்கி, இச்சையடக்கம் வழியாக, சகோதர சிநேகத்துக்கும் அன்புக்கும் போகிறது. இரண்டு பட்டியலிலும் அன்போடு சேர்ந்துதான் அது வருகிறது. இதை விட்டுவிட்டால் எங்கெங்கே வழி தவறுகிறோம் என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

கிருபைக்கு முன்னால் முயற்சியை வைப்பது

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எத்தனையோ தீர்மானங்கள் எடுக்கிறோம். இனி கோபப்பட மாட்டேன், இனி அந்தப் பழக்கம் இல்லை, இனி காலை 5 மணிக்கு எழுந்து ஜெபம். பொங்கல் வருவதற்குள் பாதி போய்விடும். உடனே, "நான் உண்மையான விசுவாசிதானா?" என்ற கேள்வி வரும். தேவன் நம்மை ஏற்றுக்கொள்ள நாம் முதலில் அடங்கிக் காட்ட வேண்டும் என்ற எண்ணம்தான் அதற்கு அடியில் இருக்கிறது. தீத்து 2-இல் வரிசை வேறு மாதிரி இருக்கிறது. இரட்சிப்பை அளிக்கும் தேவகிருபை முதலில் பிரசன்னமாகிறது. லௌகிக இச்சைகளை வெறுத்துத் தெளிந்த புத்தியோடு வாழ அந்தக் கிருபைதான் போதிக்கிறது. ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகுதான் பாடமே ஆரம்பிக்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "ஆவியானவர் பார்த்துக்கொள்வார், நான் செய்ய ஒன்றுமில்லை" என்று உட்கார்ந்துவிடுவது. பேதுரு முன்பு பார்த்த அந்த 2 பேதுரு 1-ஆம் அதிகாரத்தில் "அதிக ஜாக்கிரதையுள்ளவர்களாய்" இதையெல்லாம் கூட்டி வழங்கச் சொல்கிறார். பவுல் கொரிந்தியருக்குச் சொல்லும்போது பந்தய வீரரைக் காட்டுகிறார். கொரிந்துவுக்குப் பக்கத்தில் 2 வருஷத்துக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடக்கும். ஜெயித்தவனுக்குக் கிடைப்பது இலைகளால் கட்டிய கிரீடம், சில நாளில் வாடிவிடும். அதற்காகவே அவர்கள் "எல்லாவற்றிலேயும் இச்சையடக்கமாயிருப்பார்கள்" என்கிறார். ஓட்டத்தின் நாளில் மட்டும் அடக்கமாக இருந்து யாரும் ஜெயித்ததில்லை. யாரும் பார்க்காத சாதாரண நாட்களில் எதைச் சாப்பிட்டான், எப்போது தூங்கினான், எதை வேண்டாம் என்று விட்டான் என்பதுதான் அங்கே கணக்கு.

சில பாவங்களுக்கு மட்டும் பூட்டுப் போடுவது

என் பார்வையில் நம் சபைகளில் மிகப் பெரிய தவறு இதுதான். இச்சையடக்கம் என்றவுடன் நம் மனதில் வருபவை குடி, சிகரெட், சினிமா, இளவயது ஆசைகள். அவை முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் கலாத்தியர் 5-இல் ஆவியின் கனிக்குச் சற்று முன்னால் மாம்சத்தின் கிரியைகளைப் பவுல் வரிசைப்படுத்துகிறார் அல்லவா? நம் தமிழ் வேதாகமத்தில் 17 பெயர்கள் வருகின்றன. விபசாரம், வேசித்தனம், வெறிகள், களியாட்டுகள் எல்லாம் இருக்கின்றன. நடுவில் பகைகள், விரோதங்கள், வைராக்கியங்கள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள், மார்க்கபேதங்கள், பொறாமைகள் என்று 8 பெயர்கள் தொடர்ச்சியாக வருகின்றன. ஏறக்குறைய பாதிப் பட்டியல், மனிதர் மனிதரோடு மோதுகிற பாவங்கள்!

இப்போது நம் வாழ்க்கையைப் பார்ப்போம். குடிக்காதவர், புகைக்காதவர், ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவர், சபைக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்றால் வாயிலிருந்து வரும் வார்த்தைகளைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. திருமண்டலத் தேர்தல் (பல சபைகள் சேர்ந்த நிர்வாக அமைப்பின் தேர்தல்) வந்தால் ஒரே பந்தியில் நற்கருணை எடுத்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். வாட்ஸாப் குழுவில் ஒரு குடும்பத்தைப் பற்றி வந்த செய்தியை, "ஜெபிக்கத்தான் சொல்றேன்" என்ற முன்னுரையோடு இன்னும் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். விரலை ஒரு நிமிஷம் நிறுத்தி வைப்பதும் இச்சையடக்கம்தான். "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும்" என்று யாக்கோபு எழுதியது கைப்பேசிக்கும் பொருந்தும்.

பணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். நகை போடுவது ஆடம்பரம் என்று கழற்றிவைத்த குடும்பங்கள் நம்மிடம் உண்டு. அந்த மனவுறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் அதே குடும்பத்தில் பையனுக்குக் கல்யாணம் பேசும்போது, "நாங்க ஒண்ணும் கேக்கல, நீங்க உங்க பொண்ணுக்குச் செய்யறதைச் செய்ங்க" என்று சொல்லிவிட்டு, ரொக்கம், கார், நிலம் என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தால், கழுத்தில் இல்லாத பொன் வேறு வழியாக வீட்டுக்குள் வருகிறது. பொருளாசையை விக்கிரகாராதனை என்றே கொலோசெயர் 3:5 சொல்கிறது. வரதட்சணை வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்வது, நம் ஊரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் செய்யக்கூடிய மிகத் தெளிவான இச்சையடக்கங்களில் ஒன்று.

பலவீனருக்கு மட்டும் போதிப்பது

பவுல் இந்த விஷயத்தைச் சிறைப்பட்டவர்களிடம் பேசவில்லை, சிறை வைக்கும் அதிகாரம் உள்ளவனிடம் பேசினார். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். வாலிபர் கூட்டத்தில் பிரசங்கம், பெண்கள் ஐக்கியத்தில் பிரசங்கம், ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டு. 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கென்று இந்தத் தலைப்பில் தனியாக ஒரு கூட்டம் நடந்து நான் கேள்விப்பட்டதில்லை. தீத்து 2-இல் பவுல் முதிர்வயதுள்ள புருஷரிலிருந்துதான் தொடங்குகிறார், அப்புறம்தான் முதிர்வயதுள்ள ஸ்திரீகள், பாலிய ஸ்திரீகள், பாலிய புருஷர். அதற்கு முந்தின அதிகாரத்தில் சபைக் கண்காணியின் தகுதிகளில் ஒன்றாகவும் இச்சையடக்கத்தை வைக்கிறார்.

இது வெறும் வரிசைப் பிரச்சினை இல்லை. வீட்டில் கணவன் கை நீட்டுகிறான் என்று ஒரு பெண் போதகரிடமோ மூத்த அக்காவிடமோ வந்து அழுதால், "நீ கொஞ்சம் அடங்கிப் போம்மா, பொறுமையா ஜெபம் பண்ணு" என்ற பதில் கிடைக்கிறது. கட்டுப்பாட்டை இழந்தவன் ஒருவன், கட்டுப்பாட்டைக் கற்றுக்கொள்ளச் சொல்லப்படுவது அடிபட்டவள். வேதத்தில் எங்கேயும் இச்சையடக்கம் என்பது அநியாயத்துக்கு முன் வாயை மூடிக்கொள்வதாகச் சொல்லப்படவில்லை. பிரதான ஆசாரியனுடைய ஊழியக்காரன் அறைந்தபோது இயேசு திருப்பி அடிக்கவில்லை. ஆனால், "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். அடிபடுகிற பெண் பாதுகாப்பான இடத்துக்குப் போவதும், 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்வதும் அவிசுவாசம் ஆகாது. சபை அந்தக் கணவனைத் தனியே உட்காரவைத்துப் பேச வேண்டும். தன் மனதை அடக்குகிறவன் பட்டணத்தைப் பிடிக்கிறவனைவிட உத்தமன் என்ற நீதிமொழி அவனுக்காக எழுதப்பட்டது.

உபவாசத்தைப் பேரம் ஆக்குவது

உபவாசம் நல்லது. இயேசுவே, "நீங்கள் உபவாசிக்கும்போது" என்று எடுத்துக்கொண்டுதான் பேசினார். லெந்து நாட்கள், தவக்காலம், வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம், இறைச்சியைத் தவிர்க்கும் சுத்தபோசனம் என்று நம்மிடம் இதற்கு நல்ல மரபு இருக்கிறது. ஆனால் வேலை கிடைக்க 3 நாள், விசா கிடைக்க 7 நாள் என்று கணக்குப் போட ஆரம்பித்தால் ஆசையை அடக்கவில்லை, ஆசைக்காகப் பட்டினி கிடக்கிறோம். ஏசாயா 58-இல் கர்த்தர் கோபப்படுவது இதற்குத்தான். உபவாச நாளிலேயே வேலைக்காரரைக் கசக்கிப் பிழிகிறார்கள், வழக்குக்கும் வாதுக்கும் நிற்கிறார்கள். பிறகு, "பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுக்கிறதும்" என்று தமக்கு உகந்த உபவாசத்தை விவரிக்கிறார். நாம் சாப்பிடாமல் விட்ட சாப்பாடு இன்னொருவர் தட்டுக்குப் போக வேண்டும்.

மிசோரமில் இதைச் சத்தமில்லாமல் நூறு வருஷமாகச் செய்துவருகிறார்கள். ஒவ்வொரு வேளையும் சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியே வைப்பார்கள். அதைச் சேகரித்து விற்று, அந்தப் பணத்தைச் சபையின் ஊழியத்துக்குக் கொடுக்கிறார்கள். புஹ்ஃபாய் தாம் என்று அதற்குப் பெயர். ஏழைக் குடும்பமும் செய்யக்கூடிய காரியம். நம் ஊர்களிலும் கைப்பிடி அரிசி எடுத்துவைக்கிற பழக்கம் சில சபைகளில் உண்டு. அணையாமல் காக்க வேண்டிய பழக்கம் அது.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வியர்வை, நடுக்கம், குழப்பம், மயக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தையும் நிறுத்திவிட்டு உபவாசிப்பது வேறு விதத்தில் ஆபத்து. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசிக்கவே கூடாது. 5-ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்கு வழிகாட்டிய யோவான் காசியான்கூட, அளவு மீறிய உபவாசமும் பெருந்தீனியும் கடைசியில் ஒரே கெடுதியில் கொண்டுபோய் விடுகின்றன என்றுதான் எச்சரித்தார். உணவுக்குப் பதிலாக ஒரு நாள் முழுக்கக் கைப்பேசியை அணைத்துவைப்பதும், ஒரு வாரம் கடைத்தெரு பக்கம் போகாமல் அந்தப் பணத்தை ஒரு மாணவனின் கட்டணத்துக்குக் கொடுப்பதும் உபவாசத்தின் நோக்கத்தை நிறைவேற்றும்.

சோதனை நேரத்தில் வீரம் காட்ட நினைப்பது

யோசேப்பு போத்திபாரின் மனைவியோடு நின்று வாதம் செய்யவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். அதற்கு முன்பே, அவள் நாள்தோறும் பேசியும் அவளுடன் இருக்கவும் சம்மதிக்காமல் விலகியே இருந்தான் என்று ஆதியாகமம் 39 சொல்கிறது. அந்த விலகல்தான் பாதி வெற்றி. பவுல், "துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாமலிருந்து" என்று எழுதுவதும் இந்த முன்னேற்பாட்டைத்தான். பிற்பாடு பெரிய சபைப் போதகராக விளங்கிய அகுஸ்தீனார் கி.பி. 386-இல் மிலானில் ஒரு தோட்டத்தில் வாசித்து மனம் திரும்பிய வசனமும் இதுவே. ராத்திரி 11 மணிக்குப் படுக்கையில் கைப்பேசியோடு படுத்துக்கொண்டு, "ஆண்டவரே என்னைக் காத்துக்கொள்ளும்" என்று ஜெபிப்பதைவிட, 9 மணிக்கு அதை முன்னறையில் சார்ஜில் போட்டுவிட்டு வந்து ஜெபிப்பது நல்லது. சம்பளம் வந்த அன்று எந்தத் தெரு வழியாக வீட்டுக்கு வருகிறோம் என்பதும் ஆவிக்குரிய காரியம்தான்.

களைப்பை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. எலியா சூரைச்செடியின் கீழே படுத்துச் சாகவேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான். நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா பிள்ளையிடம் எரிந்துவிழுவதற்கு ஜெபக் குறைவு மட்டும் காரணமாக இருக்காது, தூக்கக் குறைவும் இருக்கலாம். ஊழியக்காரர்கள் இதைத் தங்களுக்கும் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: ஒரு பழக்கத்தை விரட்டிவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடுவது. பெருக்கி ஜோடித்து வெறுமையாக இருந்த வீட்டுக்கு அசுத்த ஆவி இன்னும் ஏழு ஆவிகளைக் கூட்டிவந்த கதையை மத்தேயு 12-இல் இயேசு சொன்னார். சாயங்காலம் கடைக்குப் போய்க் குடித்தவன் குடியை நிறுத்தினால், அவனுக்கு அந்தச் சாயங்காலம் 2 மணி நேரம் மிச்சம் இருக்கிறது. அதை எதைக்கொண்டு நிரப்புவது என்று அவனோடு சேர்ந்து யோசிக்கச் சபையில் ஆள் வேண்டும்.

நோயைப் பாவம் என்று மட்டும் பார்ப்பது

குடிக்கு அடிமையாவது மனவுறுதிக் குறைவு மட்டுமில்லை, மூளையும் உடம்பும் மாறிப்போகிற நோய். வருஷக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் ஒரு ஜெபக் கூட்டத்தில் அர்ப்பணித்துவிட்டு அன்றோடு ஒரேயடியாக நிறுத்தினால், கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் இல்லாததைப் பார்ப்பதும் கேட்பதுமாகப் புத்தி தடுமாறலாம். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் உயிர் போவதும் உண்டு. அந்த நிலையைப் "பிசாசின் போராட்டம்" என்று நினைத்து வீட்டில் பூட்டிவைத்து ஜெபித்துக்கொண்டே இருப்பது மிக ஆபத்தான தவறு. நிறுத்த முடிவெடுத்த அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஜெபம் அங்கேயும் பண்ணலாம். எங்கே போவது என்று தெரியாதவர்கள், அரசின் இலவச மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே கேட்கலாம். 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொடங்கிய, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் நம் ஊர்களிலும் நடக்கின்றன.

அந்தக் கூட்டங்களில் நடப்பதைச் சபைகள் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவர் எழுந்து தன் நிலையை உள்ளபடி சொல்கிறார், மற்றவர்கள் பதறாமல் கேட்கிறார்கள். யாக்கோபு 5:16 சொல்வதும் இதுதான்: "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்." மெதடிஸ்டு இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி 1742-இல் பிரிஸ்டலில் தொடங்கிய வகுப்புக் கூட்டங்களில் ஏறத்தாழ 12 பேர் வாரந்தோறும் கூடி, அவரவர் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டார்கள். கத்தோலிக்கருக்குக் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. நம் வீட்டு ஜெபக் கூட்டங்களில் நோய்க்கும் பரீட்சைக்கும் விண்ணப்பம் வருகிறது. "எனக்கு ஆபாசப் படம் பார்க்கிற பழக்கம் இருக்கு, விட முடியல" என்று ஒரு வாலிபன் சொன்னால் அடுத்த ஞாயிறுக்குள் சபை முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயம் அவனுக்கு இருக்கும்வரை, அவன் தனியாகத்தான் போராடுவான். வாயை அடக்கத் தெரிந்த இரண்டு பேர் இருந்தால் போதும், அவனுக்கு உதவி கிடைக்கும்.

விழுந்த பிறகு

விழுந்தவுடன் நாம் செய்கிற தவறு, கொஞ்ச நாள் தேவனிடமிருந்து ஒளிந்துகொள்வது. "இந்த வாயோட எப்படி ஜெபிக்கிறது" என்று ஒரு வாரம், ஆராதனைக்குப் போகாமல் ஒரு மாதம். இதற்குள் அந்தப் பழக்கம் இன்னும் இரண்டு தடவை வந்துவிடும், ஏற்கெனவே கெட்டுப்போயிற்று, இனி என்ன என்று. பேதுரு சபித்துச் சத்தியம்பண்ணி மறுதலித்த பிறகும், கடற்கரையில் இயேசு அவனுக்காகக் கரிநெருப்பு மூட்டி மீன் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சாப்பிடக் கொடுத்துவிட்டுத்தான் கேள்வி கேட்டார். கேட்ட கேள்வியும், "இனி மறுதலிக்க மாட்டாயா?" என்பது இல்லை. "நீ என்னில் அன்பாயிருக்கிறாயா?" என்று மூன்று தரம். ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்.

தேவனிடம் மன்னிப்புக் கேட்டதோடு நிறுத்திவிடுவதும் சரியில்லை. நாம் கட்டுப்பாட்டை இழந்ததால் நஷ்டப்பட்டவர் வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கிறார். சகேயு மனம் திரும்பியபோது அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். பிள்ளையை எல்லார் முன்னாலும் திட்டியிருந்தால் எல்லார் முன்னாலும் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கலாம். தகப்பன் மகனிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போகும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஒருவரைப் பற்றித் தப்பாகச் செய்தி அனுப்பியிருந்தால், அதே குழுவில் அது தவறு என்று எழுதலாம். குடித்துத் தீர்த்த பணம் மனைவியின் நகைக்கடன் என்றால், மாதம் 500 ரூபாயாக இருந்தாலும் அதை அடைக்கத் தொடங்கலாம். "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்று எபேசியர் 4 சொல்கிறது. கடன் அடைய வருஷங்கள் ஆகலாம். மன்னிப்புக் கேட்பதை அன்று சாயங்காலமே செய்துவிடலாம்.